குளிர் எங்கேயோ மீன் அங்கே

இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் வலை போடுகிறவர்களிடம் கனடாவின் ஒன்டாரியோ ஏரிச் சால்மன் மீனைப் பற்றிச் சொன்னால், பாதிக் கதையிலேயே சிரித்துவிடுவார்கள். படகை நிறுத்தாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருக்கணும். தூண்டில் பின்னால் இழுபட்டு வரும். அந்தத் தூண்டிலைக் கீழே அமுக்கிப் பிடிக்க ஐந்து கிலோ ஈயக்குண்டு ஒன்று எண்பது, நூறு அடி ஆழத்தில் கூடவே வரும். "மீனுக்குக் குண்டு போடுறாய்ங்களா?" என்று ஒருவர் கேட்டார். வேட்டு வைத்து மீன் பிடிக்கிற கதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஊர் இது. கேள்வியில் தப்பில்லை.

இந்த வேலைக்கு ட்ரோலிங் என்று பேர். வடக்குக் கடலில் இவ்வளவு சண்டைக்கும் காரணமான ட்ரோலர்ப் படகுகளின் இழுவைமடி வேறு, இது வேறு. இதில் வலையே கிடையாது. ஒரு கோலுக்கு ஒரு தூண்டில், அவ்வளவுதான்.

எனக்கு இது அறிமுகமானது அக்கா வீட்டால். அக்கா குடும்பம் டொரொன்டோவுக்குக் கிழக்கே, ஏரிக்கரையோரமாக இருக்கும் எஜக்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. மச்சான் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இங்கே இருந்த காலத்தில் ஓடையில் மண்புழு கோர்த்துத் தூண்டில் போட்டதோடு சரி. அங்கே போன பிறகு ஏரிப் பைத்தியம் முற்றிவிட்டது. நான் போயிருந்தது ஆகஸ்ட் கடைசி. அவருடைய கூட்டாளியின் படகில் விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுவோம்.

ஊருக்குத் திரும்பி வந்து இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். பெரியப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காசல்ரீயில் சின்ன ஃபைபர் படகு ஒன்றில் போய் வலை விடுகிறவர். 1965இல் விமலசுரேந்திர மின்நிலையம் ஓடத் தொடங்கியபோது அவர் சின்னப் பையன். கெஹல்கமு ஓயா என்ற ஆற்றை மறித்துத் தண்ணீர் ஏறுவதற்கு முன் அந்தச் சரிவுகளில் தேயிலை இருந்ததைப் பார்த்திருக்கிறார். எந்த இடத்தில் பழைய மரக்கட்டை வலையைப் பிடிக்கும், எங்கே ரோடு இருந்தது, எங்கே சடாரென்று ஆழம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் சிரிக்கவில்லை. ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"வெளிச்சம் மேல இருக்கு, பூச்சி புழு மேல இருக்கு. அந்த மீனு ஏன்டா தம்பி அம்புட்டு ஆழத்துல போய்க் கெடக்கு?"

நல்ல கேள்வி. ட்ரோலிங்கில் இருக்கிற அத்தனை கருவிகளும், செலவும், சண்டையும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான்.

தண்ணீர் மிகக் கனமாக இருப்பது நான்கு டிகிரி செல்சியஸில். அதைவிடச் சூடானாலும் இலேசாகும், குளிர்ந்தாலும் இலேசாகும். பனிக்காலம் முடிந்து வசந்தத்தில் ஏரி முழுக்க மேலிருந்து அடிவரை ஏறத்தாழ அந்த நான்கு டிகிரிக்கு வந்து, காற்றில் நன்றாகக் கலந்துவிடும். அப்புறம் வெயில் ஏற ஏற மேல்தண்ணீர் மட்டும் சூடாகி, இலேசாகி, மேலேயே தங்கிவிடுகிறது. ஆகஸ்ட் கடைசியில் மேலே இருபது, இருபத்திரண்டு டிகிரி இருக்கும், பிள்ளைகள் சுகமாகக் குளிக்கிறார்கள். பதினைந்து மீட்டர், இருபது மீட்டர் என்று இறங்கினால், சில மீட்டருக்குள்ளேயே வெப்பம் தடாலென்று விழுகிறது. தெர்மோக்ளைன் என்கிறார்கள் அந்த அடுக்கை. அதற்குக் கீழே இருட்டும் குளிருமாக, ஆறு, ஐந்து, நான்கு டிகிரியில் வசந்தகாலத் தண்ணீர் அப்படியே கிடக்கிறது. ஒன்டாரியோ ஏரியின் ஆகக்கூடிய ஆழம் 244 மீட்டர். அதில் கோடை என்பது மேலே இருக்கும் ஒரு மெல்லிய தோல் மட்டுமே.

சினூக் என்ற பெரிய சால்மனுக்குப் பிடித்த வெப்பம் பத்திலிருந்து பதின்மூன்று டிகிரி. அதன் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான், தனியாக ஒன்று கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு சக்தியை வேகமாக எரிக்கும், ஆனால் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைவு. மேலே வந்து இரை பிடித்துவிட்டுக் கீழே ஓடலாம், அங்கேயே குடியிருக்க முடியாது. கீழே நான்கு டிகிரியிலும் அதற்கு மந்தம். ஆக, இத்தனை பெரிய ஏரியில் அது விரும்பித் தங்குகிற இடம் அந்த அடுக்கை ஒட்டிய சில மீட்டர் கனமுள்ள ஒரு பட்டைதான். கரையில் நின்று பார்க்கிறவனுக்கு ஏரி முழுக்க ஒரே தண்ணீர். படகுக்காரன் அந்தப் பட்டையைத் தேடுவது பழைய றேடியோவில் முள்ளைத் திருப்பி ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி. கொஞ்சம் மேலே போனாலும் கரகரப்பு, கீழே போனாலும் கரகரப்பு.

இவ்வளவும் சொன்னதும் பெரியப்பா, "அப்ப நம்ம ட்ரவுட் கத மாதிரித்தான்" என்றார். நான் அதை யோசித்திருக்கவில்லை. அவர் சொன்ன பிறகுதான் முழுப் படமும் தெரிந்தது.

வெள்ளைக்காரத் துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நுவரெலியாவுக்கு ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க அவர்களுக்குத் தங்கள் நாட்டு மீன் வேண்டியிருந்தது. அந்த மீனைக் காசல்ரீ உயரத்து ஓடைகளில் விட்டுப் பிரயோசனமில்லை. மேலே மேலே போய், ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில்தான் ரெயின்போ ட்ரவுட் நிலைத்தது. காரணம் குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். கொழும்பில் இருபத்தேழு என்றால் காசல்ரீ இருக்கும் 1,100 மீட்டர் அளவில் இருபது சொச்சம். ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீட்டருக்கும் மேலே, அங்கே சராசரி பதின்மூன்று, பதினான்கு. சினூக் தேடுகிற அதே இலக்கம்!

நாம் இரண்டு கிலோமீட்டர் மலை ஏறிப் பிடிக்கிற குளிரை அந்த ஏரியில் இருபத்தைந்து மீட்டர் இறங்கிப் பிடித்துவிடலாம். கணக்கு அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ரெயின்போ ட்ரவுட்டும் சினூக்கும் ஒரே பேரினத்து மீன்கள். முன்பு ரெயின்போவை ஐரோப்பிய ட்ரவுட்டோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1989இல் அதைப் பசிபிக் சால்மன்களின் பேரினமான ஒன்கோரிங்கஸுக்கு மாற்றிவிட்டார்கள். நம் மலை உச்சியில் ஓடுகிற ஓடையில் ஒரு சால்மன் சொந்தக்காரர் நூறு வருடத்துக்கும் மேலாகக் குடியிருக்கிறார். தோட்டத்து வீடுகளில் சால்மன் என்றால் டின்னில் வருகிற செமன்தான். அதற்குள் இருப்பது பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகை.

சரி, படகுக்கு வருவோம்.

படகின் பின்பக்கம் சின்னக் கை ஒன்று வெளியே நீண்டிருக்கும். அதில் உருளை, உருளையில் உருக்குக் கம்பி, கம்பி முனையில் அந்த ஈயக்குண்டு. இந்த ஏற்பாட்டுக்கு டவுன்ரிகர் என்று பேர். எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று காட்டும் எண் பெட்டியும் அதில் இருக்கும். முதலில் தூண்டிலை மட்டும் தண்ணீரில் விட்டுப் பத்துப் பதினைந்து மீட்டர் தங்கூசி நூலைப் பின்னால் போகவிடுகிறார்கள். பிறகு அந்தத் தங்கூசியைக் குண்டுக்கு மேலே இருக்கும் கிளிப்பில் கவ்வவைத்துக் குண்டை இறக்குகிறார்கள். குண்டு தங்கூசியையும் இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறது. கோலைத் தாங்கியில் செருகி, தொய்வு இல்லாமல் சுற்றி இறுக்கினால் கோல் நன்றாக வளைந்து நிற்கும்.

அந்த வளைந்த கோலைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம். மீன் அடித்தால் கிளிப் விட்டுவிடும். கோல் ஒரு கணம் விறைத்து நிமிரும், அடுத்த கணம் மறுபடி தண்ணீரைப் பார்த்துக் குனியும். நிமிர்வதற்கும் குனிவதற்கும் இடையில் மச்சான் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்ததை நான் பார்த்ததே இல்லை. கப் எப்போதும் பறந்துதான் போகும். மீன் பிடிபட்டதும் குண்டுக்கும் தூண்டிலுக்கும் தொடர்பே இல்லை. கையில் இருப்பது வெறும் கோலும் மீனும் மட்டும். பத்துக் கிலோவைத் தாண்டிய மீன் கீழே இழுக்கத் தொடங்கினால் ரீல் போடுகிற சத்தத்தில் பக்கத்துப் படகுக்காரனும் திரும்பிப் பார்ப்பான்.

எண் பெட்டி எண்பது அடி காட்டினால் குண்டு எண்பதடியில் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. படகு ஓடும்போது கம்பி பின்னால் சாய்கிறது. வேகம் கூடினால் சாய்வு கூடும், உண்மையான ஆழம் குறையும். பட்டையே சில மீட்டர்தான் என்னும்போது இது சின்ன விஷயமில்லை. ஆழத்தில் நீரோட்டமும் வேறு திசையில் இருக்கலாம். மேலே படகு நடக்கிற வேகத்தில், மணிக்கு நான்கு கிலோமீட்டர் போகிறது என்று கருவி காட்டும், கீழே எதிர்நீரோட்டத்தில் தூண்டில் பேயாகத் துள்ளிக்கொண்டிருக்கும். திருப்பி நீரோட்டத்தோடு ஓட்டினால் அதே தூண்டில் செத்த பிணமாக வரும். அதனால் நல்ல படகோட்டி திரையைவிடக் கம்பியின் சாய்வைத்தான் அதிகம் பார்க்கிறான்.

மச்சானின் கூட்டாளி ஒரு வித்தை காட்டினார். ஒரே நேர்கோட்டில் ஓட்டாமல் அடிக்கடி மெல்ல வளைப்பார். வளைவின் உட்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடி மேலே வரும். உட்பக்கக் கோலில் மீன் அடித்தால், மீனுக்கு மெதுவாகவோ இன்னும் ஆழமாகவோ வேணும் என்று அர்த்தம். வெளிப்பக்கம் அடித்தால் வேகம் கூட்டு. கேள்வியை ஏரியிடமே கேட்டுப் பதில் வாங்குகிற முறை. எனக்கு அந்த முழு ஆட்டத்திலும் பிடித்தது இதுதான். விலையுயர்ந்த கருவிகள் ஒன்றும் சொல்லாத விஷயத்தை ஸ்டியரிங்கின் ஒரு சின்னத் திருப்பல் சொல்லிவிடும்.

தூண்டில் என்றால் நம்ம புழு இல்லை. வளைந்த உலோகத் தகடு, ஸ்பூன் என்பார்கள். ஆழத்தில் முதலில் தொலைந்து போவது சிவப்பு நிறம், பச்சையும் நீலமும்தான் கீழேவரை போகும். விடியுமுன் இருட்டில் ஒளிரும் பூச்சுப் பூசிய தகடுகளை டோர்ச் வெளிச்சத்தில் காட்டி, மின்ன வைத்து இறக்குவார்கள். சால்மன் அங்கே பெரும்பாலும் தின்பது அலைவைஃப் என்ற சின்ன மீனை, நம்ம சூடையின் தூரத்துச் சொந்தம். ஒலியை அனுப்பி ஆழத்தைப் பார்க்கிற சோனார் கருவியின் திரையில் அந்தச் சிறுமீன் கூட்டம் மேகமாகத் தெரியும். தெர்மோக்ளைன்கூடச் சில நாள் மங்கலான கோடாக விழும். கோட்டையும் மேகத்தையும் ஒரே இடத்தில் பார்த்துவிட்டால் படகில் பேச்சு நின்றுவிடும்.

இந்த அலைவைஃபுக்காகத்தான் சினூக்கே அந்த ஏரிகளுக்கு வந்தது. ஒன்டாரியோ ஏரியில் ஆதியில் இருந்தது அத்திலாந்திக் சால்மன். ஆறுகளை மறித்து மாவரைக்கும் ஆலைகளும் மர ஆலைகளும் கட்டினார்கள், காடுகளை வெட்டினார்கள், கண்மண் தெரியாமல் பிடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது அந்த மீன் அங்கே இல்லை. நம் மலைகளில் காட்டை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்ட அதே நூற்றாண்டு. பின்னால் பெரும் ஏரிகளில் அலைவைஃப் அளவுகடந்து பெருகியது. 1967 கோடையில் மிச்சிகன் ஏரிக்கரை நெடுக அது செத்து ஒதுங்கி நாறியது. அதற்கு முந்தின வருடமே, ஹோவர்ட் டானர் என்ற மீன்வள அதிகாரியின் முயற்சியில் மிச்சிகன் மாநிலம் பசிபிக் பக்கத்துக் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டிருந்தது. 1967இல் சினூக். அடுத்த சில வருடங்களில் ஒன்டாரியோ ஏரியிலும் விட்டார்கள். பிடிக்கிற கூட்டமும் அப்படித்தான் பெருகியது. காசல்ரீயில் பெரியப்பா பிடிக்கிற திலாப்பியாவும் 1952இல் ஆபிரிக்க இனமாக இலங்கைக்குக் கொண்டுவந்து விடப்பட்டதுதான். வெளியூர் மீனை விடுவது நல்லதா கெட்டதா என்று வாதாட எனக்கு ஆசையில்லை. கொண்டுவந்து விடப்பட்டவர்களின் பேரன் நான்.

"அப்ப காசல்ரீ அடியிலயும் விடலாமே, கீழ குளிராத்தானே இருக்கும்?" பெரியப்பாவின் அடுத்த கேள்வி.

நாங்கள் பார்த்தேவிட்டோம். வெற்றுப் போத்தல் ஒன்றின் கழுத்தில் கல்லைக் கட்டி, தக்கையை இலேசாகச் செருகி, தக்கைக்குத் தனியாக ஒரு தங்கூசி. நாற்பதடி போல இறக்கிவிட்டுத் தக்கையை வெடுக்கென்று இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் போத்தலுக்குள் நிரம்பும். மேலே எடுத்ததும் வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்க்கணும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற கூட்டாளி ஒருவன் கொடுத்த வெப்பமானி. மேல்தண்ணீருக்கும் அதற்கும் இரண்டு டிகிரிகூட வித்தியாசமில்லை. பெரியப்பா நம்பாமல் விரலை விட்டுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அது மறுவருட ஆகஸ்ட். அங்கே கோடை உச்சத்தில் ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கும் அதே வாரங்களில், இங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டி, ஓயாக்கள் கலங்கி வந்து விழுந்து, காற்றும் சேர்ந்து நீர்த்தேக்கத்தைக் கலக்கிக்கொண்டிருக்கும். மாசி, பங்குனியில் வெயில் காயும்போது அடுக்கு கொஞ்சம் பிரியலாம். ஆனாலும் நமக்குப் பனிக்காலம் கிடையாது. நான்கு டிகிரித் தண்ணீர் எங்கிருந்து வரும்? அடித்தண்ணீர் என்பது நம் வருடத்தின் ஆகக் குளிரான நாட்களின் தண்ணீர், அது சால்மனுக்குப் போதாது. இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. வெப்பநாட்டு நீர்த்தேக்கங்களில் அடுக்கு பிரிந்தால், அடியில் அழுகும் இலை தழையே அங்குள்ள ஒட்சிசனைத் தின்று தீர்த்துவிடும். குளிர் இருக்கிற இடத்தில் மூச்சு இருக்காது. ஒன்டாரியோ போன்ற ஆழமான, தெளிந்த ஏரியின் அடியில் கோடை முழுக்க ஒட்சிசன் தாங்குகிறது. சால்மனுக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் உலகத்தில் கொஞ்சம்தான்.

காற்றைப் பற்றியும் சொல்லணும், ஏனென்றால் அங்கே ஒரே இரவில் எல்லாம் தலைகீழாவது அதனால்தான். மேற்கிலிருந்து இரண்டொரு நாள் பலமாகக் காற்று அடித்தால், பூமி சுழல்கிறதால் மேல்தண்ணீர் காற்றுக்கு வலப்பக்கமாக, அதாவது வடகரையை விட்டுத் தெற்கே நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்தண்ணீர் கரையோரம் ஏறி வருகிறது. நேற்று இருபது டிகிரியில் பிள்ளைகள் குளித்த கடற்கரைபோன்ற மணலில் இன்று கால் வைத்தால் எலும்பு வலிக்கும். நூறடியில் கிடந்த பட்டை முப்பதடிக்கு வந்துவிடும், சில நாள் மேலேயே வந்துவிடும். பத்துக் கிலோமீட்டர் உள்ளே ஓடி எண்ணெய் செலவழிக்கிற வேலையில்லை. மச்சான் வேலைத்தளத்தில் இருந்தபடியே காற்றுத் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அக்காவுக்கு அதிலேயே பாதிக் கோபம்.

ஆகஸ்ட் முடிய முடிய இன்னொரு குழப்பம் சேர்கிறது. மூன்று, நான்கு வயதான சினூக்குகள் முட்டையிட ஆற்றுக்குப் போகும் காலம். கனரஸ்கா, கிரெடிட் போன்ற ஆறுகள் விழும் இடத்துக்கு வெளியே கூட்டமாகக் காத்து நிற்கும். அவற்றுக்குப் பசி குறைந்துவிட்டது. தகட்டை அடிப்பது பெரும்பாலும் எரிச்சலில். அதனால் அந்த வாரங்களில் பெரிய, தண்ணீரை உதைத்துக்கொண்டு வருகிற பளபளப்பான தகடுகளைக் கட்டி, மூக்குக்கு முன்னாலேயே இழுத்துச் சீண்டுவார்கள். ஆற்றில் ஏறிய சினூக் முட்டையிட்டதும் செத்துவிடும். போர்ட் ஹோப் ஊரில் அவை அணையோரம் ஏறுவதைப் பார்க்க ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

இனி சாப்பாடு. ஏரியில் இரை தின்று திரியும் மீனின் சதை நல்ல செம்மஞ்சள், கொழுப்பு நிறைந்தது. ஆற்றுக்குப் போகும் நாள் நெருங்க நெருங்க அந்த நிறமும் கொழுப்பும் முட்டைக்கும் தோலுக்கும் போய், சதை வெளுத்துவிடும். மச்சான் கறுத்துப்போன மீனைப் படகிலிருந்தே திருப்பி விட்டுவிடுவார். ஒன்டாரியோ அரசு எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று வழிகாட்டி வெளியிடுகிறது. பெரிய மீனில் பழைய தொழிற்சாலைக் கழிவு இரசாயனங்கள் கொழுப்பில் சேர்ந்திருக்கும். அதனால் அக்கா நடுத்தர மீனாக எடுத்து, தோலை உரித்து, முதுகோரமும் வயிற்றுப்பக்கமும் இருக்கிற கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டுத்தான் புளி கரைத்துக் குழம்பு வைப்பாள். கொழுப்பு மிச்சமிருந்தால் குழம்பில் எண்ணெய் தனியாக மிதக்கும், அவளுக்கு அதுவும் பிடிக்காது.

இதைக் கேட்டதும்தான் பெரியப்பாவுக்கு அந்த ஏரி மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. "நூறடிக்குக் கீழ குண்டு எறக்கி, கரண்டு மிஷின் வச்சுத் தேடிப் புடிச்சு, வயித்துத் துண்டத் தூக்கி எறியிறதா? ஒங்க மச்சானுக்கு வேற வேல இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்குப் பிடித்த திலாப்பியாவை வயிற்றுத் துண்டோடு சேர்த்துப் பொரிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தனுப்பினார்.